படுத்த கோடு

டார்லா வீட்டு கராஜ் விற்பனையில் முப்பது டாலர்.
"வேலை செய்யும்" என்றாள்.
பொய் சொல்லத் தெரியாதவள், காசை எண்ணிக்கொண்டே சேர்த்தாள்:
"சில நாள் முரண்டு பிடிக்கும்."
மாட்டை விற்பவள்போல.

தொண்ணூற்றொன்றில் செய்தது. எனக்கு ஒரு வயது மூத்தது.
பிலிம் கேமராதான், ஆனால் தானே ஃபோகஸ் தேடிக்கொள்ளும்.
பொத்தானைப் பாதி அழுத்தினால்
லென்ஸ் ஸ்ர்ரென்று நகர்ந்து நிற்கும்,
கண்ணோரம் பச்சைப் புள்ளி எரியும்.
புள்ளி எரியாமல் ஷட்டர் விழாது.
அது அதன் கொள்கை.

மிளகாய்த்தூள் டப்பாவுக்கு எரிந்தது.
இளம்பரிதியின் பூட்ஸுக்கு எரிந்தது, அதுவும் உடனே.
பின்கதவைத் திறந்து வெளியே நீட்டினால்
ஸ்ர்ர், தொலைவின் கடைசிவரை போனது
ஸ்ர்ர், மூக்கு நுனிக்கு வந்தது
மறுபடியும் போனது
பேருந்து வந்து நின்றபின்
பை பையாகச் சில்லறை தேடுபவரைப்போல.
புள்ளி சிமிட்டிக்கொண்டே இருந்தது.
சிமிட்டினால் இல்லை என்று பொருள்.

மூஸ் ஜா ஊரின் கடைசித் தெருவில் கடைசி வாடகை வீடு.
வேலிகூட இல்லை.
யாருடையதோ வயல், அதன்மேல் பனி,
பனிக்குமேல் வானம், இரண்டும் ஒரே வெள்ளை.
நடுவே ஒரு கோடு.

"அதில் எடுக்க என்ன இருக்கு?" என்றான் இளம்பரிதி,
வாரம் ஐந்து நாள் லாரியில்
அந்தக் கோட்டைப் பார்த்தே ஓட்டுபவன்,
ஒருநாளும் போய்ச் சேராதவன்.

புது பேட்டரி போட்டேன். இருபத்தொரு டாலர்,
கேமராவையே இன்னொரு தடவை வாங்கியதுபோல.
லென்ஸின் அடியிலுள்ள பொட்டுகளை
பென்சில் ரப்பரால் தேய்த்தேன்.
கழற்றினேன், மாட்டினேன், க்ளிக் என்றது.
டப்பாவுக்கு எரிந்தது.
வயலுக்குச் சிமிட்டியது.

ஞாயிற்றுக்கிழமை. சளி. சோபாவைவிட்டு எழவில்லை.
சும்மா கையில் வைத்து ஜன்னலைப் பார்த்தேன்,
அடுக்கடுக்காகக் கிடக்கும் அந்தப் பிளாஸ்டிக் பட்டைகளை.
ஸ்ர்ர். ஸ்ர்ர். இல்லை.
தலை கனத்தது, ஒருக்களித்துப் படுத்தேன்,
கேமராவும் என்னோடு சாய்ந்தது.
ஸ்ர்.
பச்சை.

எழுந்து உட்கார்ந்தேன், இல்லை. படுத்தேன், பச்சை.
இளம்பரிதி எட்டிப்பார்த்து
காய்ச்சல் ஏறிவிட்டதோ என்று நெற்றியைத் தொட்டான்.

உள்ளே அதற்கு இருப்பது ஒற்றைக் கீற்றுக் கண்,
குறுக்காகப் படுத்த கண்.
தன்னை வெட்டிக்கொண்டு போவதுதான் அதற்குத் தெரியும்.
தன்னைப்போலவே படுத்துக் கிடப்பது தெரியாது.
பழுது ஒன்றுமில்லை.
முப்பது வருடமாக அது அப்படித்தான்.
நான்தான்
படுத்த கோடு மட்டுமே உள்ள ஊருக்கு
அதைக் கொண்டுவந்திருக்கிறேன்.

மறுநாள் மூன்றரை மணி. மைனஸ் இருபத்தாறு.
வலக்கையின் உறையைப் பல்லால் உருவினேன்.
கேமராவைத் திருப்பினேன்.
அடிவானம் எழுந்து நின்றது,
இடப்பக்கம் வானம், வலப்பக்கம் பனி,
நடுவே கம்பம்போல் அந்தக் கோடு.
ஸ்ர்.

இனிமேல்தான் வித்தை.
அழுத்திய பாதியை விடக்கூடாது.
விடாமல் கையை மெல்லத் திருப்பி
உலகை மறுபடி படுக்கவைத்து
மீதிப் பாதியை அழுத்தவேண்டும்.
முதல்முறை விரல் வழுக்கியது.
இரண்டாவது முறை தும்மினேன்.
மூன்றாவது,
டக்.

அந்த ஒலிக்கு ஒரு காகம் எழுந்து போனது.
அங்கே ஒரு காகம் இருந்ததே
அப்போதுதான் தெரிந்தது.

நான்கு படம் எடுப்பதற்குள் குளிரில் பேட்டரி செத்தது.
கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றேன்.
பார்ப்பவர்க்குக் காய்ச்சல் பார்ப்பதாகத் தோன்றும்.
பார்க்கத்தான் எவருமில்லை.

பிலிமில் இன்னும் முப்பத்திரண்டு இருந்தது.
வெளிச்சம் அவ்வளவு இல்லை.